14,000 பேருக்கு அனுப்பினேன். இப்போது பில்கூடப் போய்ச் சேரவில்லை!

கேள்வி: எங்களுடையது சுங்குடிச் சேலை வியாபாரம். மாமனார் காலத்துக் கடை. ஒன்பது வருடங்களாக வெப்சைட்டிலும் விற்கிறோம். அமெரிக்கா, கனடா, சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் நிறைய வாங்குகிறார்கள். புதுச் சேலை வந்தால் அவர்களுக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். சமீபத்தில் வாங்கிய சுமார் 3,000 பேருக்குத்தான் அனுப்புவது வழக்கம்.

இந்தத் தீபாவளிக்கு ஆசைப்பட்டு எல்லா முகவரிகளையும் ஒன்றாகச் சேர்த்தேன். கண்காட்சிகளில் நோட்டில் எழுதி வாங்கியவை, பழைய ஆர்டர்களில் இருந்தவை, என் கணவரின் நண்பர் பென் டிரைவில் கொடுத்த ஒரு பட்டியல், எல்லாமாக 14,000 வந்தது. அதில் பத்தாயிரத்துக்கு மேல் ஜிமெயில். ஒரே மாலையில் அனுப்பினேன். 1,900 திரும்பி வந்துவிட்டன. மறுநாளே மின்னஞ்சல் அனுப்பித் தரும் நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை வந்தது. அதன்பிறகு நாங்கள் அனுப்பும் பில்கூட ஸ்பேமுக்குப் போகிறது என்று பழைய வாடிக்கையாளர்களே வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். எங்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவர், "டொமைன் கெட்டுப்போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். கடையின் பெயரே அந்த டொமைன்தான். இரவில் தூக்கம் வருவதில்லை. எங்கள் பெயர் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? ஒன்பது வருடம் சேர்த்ததைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

– ஆர்.வி., சின்னாளபட்டி

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. உங்கள் கடையின் பெயர் நிரந்தரமாகக் கெடவில்லை. ஜிமெயிலோ யாஹூவோ ஒரு டொமைனுக்கு ஆயுள் தண்டனை கொடுப்பதில்லை. கடந்த சில வாரங்களில் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைத்தான் அவை அதிகம் பார்க்கின்றன. சரியாக நடந்துகொள்ளத் தொடங்கினால் சில வாரங்களில் நிலைமை திரும்பும். மோசமான நேர்வுகளில் இரண்டு மூன்று மாதம் ஆகும். புது டொமைன் வாங்க வேண்டாம். இதைப் படித்த கையோடு ஒன்றை மட்டும் செய்யுங்கள்: அந்த 14,000 பேர் பட்டியலுக்கு இன்னொரு மின்னஞ்சல் போகாமல் நிறுத்துங்கள். "போன தடவை போகவில்லையே, மறுபடி அனுப்பிப் பார்ப்போம்" என்று பலர் செய்வதுதான் சிறிய காயத்தைப் பெரிய புண்ணாக்குகிறது.

இனி, என்ன நடந்தது என்று பார்ப்போம். தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலும் பெறுபவரின் சர்வரைத் தட்டி, "இந்தப் பெயரில் இங்கே ஒருவர் உண்டா?" என்று கேட்கிறது. இல்லையென்றால் 550 என்று தொடங்கும் ஒரு குறியீட்டோடு திரும்பிவிடும். இதை ஹார்டு பவுன்ஸ் (முகவரியே இல்லாததால் நிரந்தரமாகத் திரும்புவது) என்பார்கள். ஆள் இருக்கிறார், இப்போதைக்கு வாங்கிக்கொள்ள முடியவில்லை என்றால் 4 என்ற எண்ணில் தொடங்கும் குறியீடு வரும். அது சாஃப்ட் பவுன்ஸ் (தற்காலிகத் தடை). பெட்டி நிறைந்திருப்பது இதற்கு ஒரு பொதுவான காரணம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடத்தில் ஜிமெயிலோடு புகைப்படங்களும் பங்கு கேட்கின்றன; 2021 ஜூன் முதல் புதிதாக ஏற்றும் படங்கள் எல்லாமே அந்தக் கணக்கில் சேர்கின்றன. பேரக்குழந்தையின் வீடியோக்களால் பெட்டி நிறைந்துபோன வாடிக்கையாளர் உங்களுக்கும் இருப்பார். அவர் இடத்தைக் காலி செய்தால் உங்கள் மின்னஞ்சல் போகும்.

பெட்டி நிறைந்தவரை விடுங்கள். ஆள் இல்லாத 1,900 முகவரிதான் பிரச்சினை. ஒரு ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் கட்டுக்கட்டாகக் கடிதம் போடுகிறார். ஏழில் ஒன்று "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று திரும்பி வருகிறது என்றால், தபால்காரருக்கு என்ன தோன்றும்? இவருக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது, எங்கிருந்தோ பெயர்களை அள்ளி வந்திருக்கிறார் என்றுதானே? ஜிமெயிலின் இயந்திரமும் அதே முடிவுக்குத்தான் வருகிறது. அறிமுகமானவர்களுக்கு எழுதுகிறவருக்கு அத்தனை கடிதம் திரும்பாது என்று அதற்குத் தெரியும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 14,000-க்கு 1,900, அதாவது 13.5 சதவீதத்துக்கு மேல். அமேசானின் எஸ்.இ.எஸ். என்ற மின்னஞ்சல் சேவை தன் விதிகளில் வெளிப்படையாகவே சொல்கிறது: திரும்பி வருவது 5 சதவீதத்தைத் தொட்டால் உங்கள் கணக்கை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோம், 10 சதவீதம் ஆனால் அனுப்புவதையே நிறுத்திவைக்க நேரிடும். மற்ற நிறுவனங்களும் ஏறக்குறைய இதே போக்கில்தான் இருக்கின்றன. அவர்களின் சர்வரையே பல கடைகள் பகிர்ந்துகொள்வதால், உங்கள் பட்டியலின் குற்றம் பக்கத்துக் கடைக்காரரின் மின்னஞ்சலையும் பாதிக்கும். எச்சரிக்கை வந்தது அதனால்தான். உங்கள்மேல் யாருக்கும் கோபம் இல்லை.

இத்தனை முகவரிகள் எப்படிச் செத்தன என்று கேட்பீர்கள். மின்னஞ்சல் முகவரிக்கும் ஆயுள் உண்டு. வேலை மாறினால் அலுவலக முகவரி போய்விடும். படிப்பு முடிந்தால் பல கல்லூரிகளின் முகவரி போய்விடும். இரண்டு ஆண்டுகள் எட்டிக்கூடப் பார்க்காத தனிநபர் கணக்குகளை நீக்குவோம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அந்த டிசம்பரிலிருந்து நீக்கவும் தொடங்கியது. ஒன்பது வருடத்துக்கு முன் கண்காட்சியில் எழுதிக் கொடுத்த அம்மையார், பேத்தி திறந்துகொடுத்த அந்தக் கணக்கை அப்புறம் தொட்டிருக்கவே மாட்டார். இதோடு கையெழுத்துப் பிழை வேறு. நின்றபடி, ஒரு கையில் பையோடு, நோட்டில் கிறுக்கியதைப் பிறகு ஒருவர் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். ஜிமெயில் என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்து இடம் மாறினாலும் அது வேறொருவரின் டொமைன். கண்காட்சி நோட்டுகளில் இது சர்வ சாதாரணம்.

செத்த முகவரியாவது நேர்மையாகத் திரும்பி வந்து "நான் இல்லை" என்று சொல்லிவிடுகிறது. உங்கள் பட்டியலில் அதைவிட ஆபத்தானவை இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது அந்தப் பென் டிரைவ்தான்.

ஸ்பேம் டிராப் (பொறி முகவரி) என்று ஒன்று உண்டு. அது மின்னஞ்சலை வாங்கிக்கொள்ளும், திருப்பி அனுப்பாது. ஆனால் அதன் பின்னால் வாடிக்கையாளர் யாரும் இல்லை, ஒரு கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. இதில் இரண்டு வகை. முதல் வகை முகவரி எந்த மனிதருக்கும் எப்போதும் சொந்தமாக இருந்ததில்லை. மனிதக் கண்ணுக்குத் தெரியாதபடி இணையப் பக்கங்களில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். இணையத்தை அலசி முகவரிகளை அள்ளும் மென்பொருள் மட்டுமே அதை எடுக்கும். எனவே அதற்கு ஒரு மின்னஞ்சல் வந்தாலே, அனுப்பியவர் அனுமதி பெறாமல் அள்ளப்பட்ட பட்டியலைப் பயன்படுத்துகிறார் என்பது உறுதி. விலைக்கு விற்கப்படும், கைமாறிக்கொண்டே இருக்கும் டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் இப்படி அள்ளப்பட்டவைதான். "லட்சம் முகவரி, சில நூறு ரூபாய்" என்று விற்கிறார்களே, அந்தச் சரக்கு. நண்பர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்; அவருக்கும் யாரோ கொடுத்திருப்பார்கள். எத்தனை கை மாறியதோ, அத்தனை பேரும் அதே முகவரிகளுக்கு அனுப்பியிருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது வகை ஒருகாலத்தில் உண்மையான ஆளுடைய முகவரி. அவர் கைவிட்டபின் மின்னஞ்சல் நிறுவனம் அதை மூடிவிடும். சில மாதங்கள், ஒரு வருடம்கூட, அங்கே போகும் மின்னஞ்சல்கள் எல்லாம் திரும்பி வரும். அதன்பிறகு அதே முகவரியைப் பொறியாக மாற்றித் திறந்துவிடுவார்கள். ஒழுங்காக மாதாமாதம் அனுப்பி, திரும்பியதை உடனே நீக்கும் கடைக்காரர் இதில் சிக்கவே மாட்டார். மூடியிருந்த காலத்திலேயே அந்தப் பெயர் அவர் பட்டியலிலிருந்து போயிருக்கும். பல வருடம் அனுப்பாமல் வைத்திருந்த நோட்டைத் திடீரென்று எடுத்து அனுப்புகிறவர்தான் சிக்குகிறார். நீங்கள் மாதம் தவறாமல் அனுப்பிய 3,000 பேரால் எந்தத் தொல்லையும் வராததற்கும், நோட்டிலிருந்து எடுத்தவை தொல்லை தந்ததற்கும் காரணம் இதுவே.

பொறியில் விழுந்தவர்களின் விவரம் பிளாக்லிஸ்ட் (தடைப்பட்டியல்) வைத்திருக்கும் அமைப்புகளுக்குப் போகும். இவற்றில் பெயர் பெற்றது 1998-இல் தொடங்கப்பட்ட ஸ்பாம்ஹாஸ். அனுப்பும் சர்வர்களுக்கு ஒரு பட்டியல், டொமைன்களுக்குத் தனியாக இன்னொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் இணையதளத்தில் உங்கள் டொமைன் பெயரைத் தட்டச்சு செய்தால் அதில் இருக்கிறதா இல்லையா என்று காசில்லாமல் தெரிந்துகொள்ளலாம். இருந்தாலும் பதற வேண்டாம். காரணத்தைச் சரிசெய்துவிட்டு நீக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு அவர்கள் பணம் வாங்குவதில்லை. "உங்கள் பெயரை எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது உயிருள்ள மனிதர்கள். உங்களை அறியாத ஒருவருக்கு, பென் டிரைவில் இருந்து எடுத்த முகவரிக்கு, சேலை விளம்பரம் போகிறது. அவர் "ஸ்பேம்" பொத்தானை அழுத்துகிறார். மின்னஞ்சல் உலகில் இதைவிடக் கனமான சாட்சி கிடையாது. 2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் சேர்ந்து அறிவித்து, 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, இந்தப் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பதே நல்லது என்கிறது கூகுள். ஆயிரம் பேரில் மூன்று பேர் அழுத்தினால் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். எவ்வளவு மெல்லிய எல்லை என்று பாருங்கள்.

அதே விதிகளில் உங்களைப் பாதிக்கும் இன்னொன்றும் இருக்கிறது. ஜிமெயிலின் தனிநபர் முகவரிகளுக்கு 24 மணி நேரத்தில் 5,000 அளவுக்கு அனுப்புகிறவரை அது மொத்தமாக அனுப்புபவர் என்று வகைப்படுத்துகிறது. ஒருமுறை அந்த எண்ணைத் தொட்டால் போதும், பிறகு எப்போதும் அந்த வகைதான். நீங்கள் அந்த ஒரே மாலையில் தொட்டுவிட்டீர்கள். இதனால் கேடு ஒன்றும் இல்லை. கடுமையான விதிகள் இனி உங்களுக்கும் பொருந்தும், அவ்வளவுதான். அவுட்லுக், ஹாட்மெயில் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டும் 2025 மே முதல் நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இதேபோன்ற விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது.

பழைய வாடிக்கையாளர்கள் புகார் செய்வார்களா என்று கேட்டால், அவர்களும் செய்வார்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு சேலை வாங்கியவர் உங்கள் கடையின் பெயரையே மறந்திருக்கலாம். அல்லது அந்த முகவரியில் இப்போது வேறு ஆள் இருக்கலாம். 2013-இல் யாஹூ, ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத பெயர்களைப் புதியவர்களுக்குக் கொடுத்தது. முன்பு அந்த முகவரி வைத்திருந்தவருக்கு வர வேண்டிய மின்னஞ்சல் இப்போது முன்பின் தெரியாத ஒருவர் பெட்டியில் விழுகிறது. அவர் ஸ்பேம் என்று அழுத்தினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? (ஜிமெயில் அப்படிப் பழைய பெயரை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை.)

பில் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது என்பதுதான் உங்களை மிகவும் வருத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். காரணம் எளிது. விளம்பரத்தையும் பில்லையும் ஒரே டொமைனிலிருந்து அனுப்புகிறீர்கள். மதிப்பெண் டொமைனுக்குத்தான், தனித்தனி மின்னஞ்சலுக்கு அல்ல. விளம்பரம் இழந்த மதிப்பைப் பில்லும் சேர்ந்து சுமக்கிறது. பணம் கட்டிவிட்டு ஆர்டர் விவரம் வரவில்லையே என்று டொராண்டோவில் ஒருவர் தவிப்பதற்கு, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பென் டிரைவ் காரணமாகிவிடுகிறது. பட்டியல் சுத்தத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். விளம்பரம் போகாவிட்டால் ஒரு விற்பனை போகும். பில் போகாவிட்டால் நம்பிக்கை போகும்.

இப்போது என்ன செய்வது?

முதலில் பென் டிரைவ் பட்டியல். அதிலிருந்து வந்த ஒவ்வொரு முகவரியையும் நீக்குங்கள். சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கவே வேண்டாம். பொறி முகவரியை வெளியிலிருந்து பார்த்து அடையாளம் காண வழி இல்லை. அதில் உள்ளவர்கள் யாரும் உங்களிடம் அனுமதி கொடுக்கவும் இல்லை. கனடாவில் 2014 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், சம்மதம் இல்லாமல் வணிக மின்னஞ்சல் அனுப்புவதைத் தடைசெய்கிறது. நம் நாட்டிலும் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தையே அடிப்படையாக வைத்திருக்கிறது. இந்தப் பட்டியலால் உங்களுக்கு ஒரு நன்மையும் கிடையாது.

அடுத்து, ஹார்டு பவுன்ஸ் ஆன 1,900 பேர். பெரும்பாலான சேவைகள் இவர்களைத் தாமாகவே முடக்கிவிடும். ஆனால் உங்கள் எக்ஸெல் கோப்பில் அவர்கள் அப்படியே இருப்பார்கள். அடுத்த வருடம் வீட்டில் யாராவது அதே கோப்பை வேறு சேவையில் ஏற்றினால் கதை முதலிலிருந்து தொடங்கும். அதனால் விலக்குப் பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: திரும்பி வந்தவர்கள், வேண்டாம் என்று சொன்னவர்கள், புகார் செய்தவர்கள். எந்தப் புதுப் பட்டியலை ஏற்றினாலும் இந்தப் பெயர்களைக் கழித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். யாஹூவும் மைக்ரோசாஃப்டும் யார் புகார் செய்தார் என்பதை அனுப்பும் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வைத்திருக்கின்றன; ஜிமெயில் பெயரைச் சொல்லாது, விகிதத்தை மட்டுமே சொல்லும்.

மீதி இருப்பவர்கள் உங்கள் சொந்த வாடிக்கையாளர்கள். இவர்களைக் கடைசியாக வாங்கிய தேதியை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். "மெயிலைத் திறந்தாரா" என்ற கணக்கை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியால், ஐபோனின் மெயில் செயலியில் வாடிக்கையாளர் பார்க்காவிட்டாலும் திறந்ததாகக் கணக்கு காட்டும். அமெரிக்காவில் உங்கள் வாடிக்கையாளர்கள் பலர் ஐபோன் வைத்திருப்பார்கள். வாங்கியது, இணைப்பைச் சொடுக்கியது, பதில் எழுதியது ஆகிய மூன்றும்தான் உண்மையான அடையாளம்.

முதல் வாரம், கடந்த மூன்று மாதங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். சில நூறு பேர்தான் இருப்பார்கள், இருக்கட்டும். அவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள். திறப்பார்கள், சொடுக்குவார்கள், ஸ்பேமில் விழுந்தாலும் சிலர் எடுத்து வெளியே போடுவார்கள். ஜிமெயிலுக்கு அதைவிட நல்ல சிபாரிசு வேண்டியதில்லை. இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் ஆறு மாதத்துக்குள் வாங்கியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வருடத்துக்குள். ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பி வருவது கூடினால் அங்கேயே நின்று காரணத்தைப் பாருங்கள். அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

ஒரு வருடத்துக்கு மேல் வாங்காதவர்களையும், கண்காட்சி நோட்டில் உள்ளவர்களையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். பெயர் பழைய நிலைக்கு வந்தபிறகு, கட்டணம் வாங்கி முகவரியைச் சோதித்துத் தரும் சேவை ஒன்றில் அந்தப் பட்டியலைக் கொடுத்துப் பார்க்கலாம். அது ஒவ்வொரு சர்வரிடமும் "இந்தப் பெயர் உண்டா" என்று கேட்டுவிட்டு, மின்னஞ்சல் எதுவும் அனுப்பாமல் திரும்பிவிடும். செத்தவற்றையும் எழுத்துப் பிழைகளையும் ஓரளவு கண்டுபிடித்துவிடும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. சில நிறுவனங்களின் சர்வர்கள் எந்தப் பெயரைக் கேட்டாலும் "உண்டு" என்றே சொல்லும். பொறி முகவரியும் "உண்டு" என்றுதான் சொல்லும். மிஞ்சியவர்களுக்கு, ஒரு தடவைக்கு இருநூறு முந்நூறு பேராக, ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சேலைப் படம், தள்ளுபடி ஒன்றும் வேண்டாம். "நீங்கள் எங்களிடம் முன்பு வாங்கினீர்கள் (அல்லது இந்தக் கண்காட்சியில் முகவரி கொடுத்தீர்கள்). தொடர்ந்து எழுதலாமா? ஆம் என்றால் இங்கே சொடுக்குங்கள்" என்று நாலு வரி. சொடுக்கியவர்கள் மட்டும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். மௌனமாக இருந்தவர்களை விட்டுவிடுங்கள்.

இங்கேதான் உங்கள் மனம் அடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். ஒன்பது வருட உழைப்பு, ஒவ்வொரு கண்காட்சியிலும் நின்று நின்று வாங்கிய பெயர்கள். 14,000 என்ற எண் 4,000 ஆகும்போது கடையே சுருங்கியதுபோல் இருக்கும். ஆனால் மற்ற பத்தாயிரம் பேர் உங்களிடம் எதுவும் வாங்கிக்கொண்டிருக்கவில்லை. அவர்களில் பலர் இல்லவே இல்லை. அவர்களுக்கு அனுப்பியதற்கு நீங்கள் காசும் கொடுத்தீர்கள். அதற்குப் பலனாக, வாங்குகிற 3,000 பேருக்கும் மின்னஞ்சல் போகாமல் போனது. நோட்டுப் புத்தகங்களை எரிக்கச் சொல்லவில்லை, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் பட்டியலில்தான் அவை வேண்டாம்.

"அன்சப்ஸ்கிரைப்" (இனி வேண்டாம்) என்ற இணைப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நிறைய பேர் அடியில், பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில் ஒளித்துவைக்கிறார்கள். அது கண்ணில் படாவிட்டால் வாசகரின் விரல் ஸ்பேம் பொத்தானுக்குப் போகும். விலகிப் போகிறவரால் உங்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. புகார் செய்கிறவரால்தான் கெடுதல். அதனால் பெரிதாகவே வையுங்கள். மொத்தமாக அனுப்புகிறவர்கள், அனுப்புநர் பெயருக்கு அருகிலேயே ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும், இரண்டு நாளுக்குள் அவரை நீக்கவும் வேண்டும் என்பது இப்போது ஜிமெயிலின் விதி. நீங்கள் பயன்படுத்தும் சேவை இதைத் தானாகச் சேர்க்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் புது டொமைன் வாங்கச் சொல்வதற்குப் பதிலாக இந்த வேலைகளைக் கொடுங்கள். எஸ்.பி.எஃப். (உங்கள் பெயரில் அனுப்ப உரிமை பெற்ற சர்வர்களின் பட்டியல்), டி.கே.ஐ.எம். (ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இடப்படும் மின்கையொப்பம்), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தேறாத மின்னஞ்சலை என்ன செய்வது என்று நீங்கள் விடும் அறிவிப்பு) ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று அவர் பார்க்கட்டும். இவை இருந்தால்தான் உள்ளே நுழையவே முடியும். ஆனால் இவை நீங்கள் யார் என்பதை மட்டுமே நிரூபிக்கும். நல்லவர் என்பதை நிரூபிக்காது. அழுக்கான பட்டியலுக்குச் சரியான கையொப்பத்தோடு அனுப்பினால், பழி சந்தேகமில்லாமல் உங்கள் பெயரில்தான் எழுதப்படும். பில்லுக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று என்று இரண்டு துணை டொமைன்களை (உங்கள் டொமைன் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்து உருவாக்குவது) அமைக்கச் சொல்லுங்கள். அப்போது ஒன்றில் வந்த குறை மற்றதை முழுதாக இழுத்துக்கொண்டு போகாது.

புது டொமைனால் ஏன் பயனில்லை என்றால், வரலாறே இல்லாத டொமைனை எல்லா நிறுவனங்களும் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. தடைக்குப் பயந்து டொமைன் மாற்றிக்கொண்டே இருப்பது மோசடிக்காரர்களின் பழக்கம் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானது. அதே பட்டியலோடு அங்கே போனால் அதுவும் சீக்கிரமே கெடும். உங்களுக்கு ஒன்பது வருட நல்ல வரலாறும் ஒரு மாலையின் தவறும் இருக்கின்றன. அந்த ஒன்பது வருடத்தை விட்டுவிட்டு ஓட வேண்டிய அவசியம் என்ன?

கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற இலவச வசதியில் உங்கள் டொமைனைப் பதிவு செய்தால் புகார் விகிதத்தை நாள்வாரியாகப் பார்க்கலாம். குறைவாக அனுப்பும் நாட்களில் எண் எதுவும் காட்டாது, பயப்பட வேண்டாம். அங்கே ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. அந்த விகிதம் இன்பாக்ஸுக்குள் போனவற்றை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எல்லாமே ஸ்பேமுக்குள் விழுந்துகொண்டிருந்தால் புகார் செய்ய ஆளே இருக்காது, விகிதம் பூஜ்யம் என்று காட்டும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. விகிதம் குறைவாக இருந்து, வாடிக்கையாளர்கள் சொடுக்குவதும் பதில் எழுதுவதும் பழையபடி இருந்தால் மட்டுமே நம்புங்கள்.

இனி வரும் கண்காட்சிகளில் நோட்டு வேண்டாம். ஒரு கியூ.ஆர். குறியீட்டை மேசையில் வையுங்கள். வாடிக்கையாளர் தம் போனிலேயே முகவரியைத் தட்டச்சு செய்யட்டும். உடனே அவருக்கு ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போக வேண்டும். அதில் அவர் சொடுக்கினால்தான் பட்டியலில் சேர வேண்டும். இதை டபுள் ஆப்ட்-இன் (இருமுறைச் சம்மதம்) என்பார்கள். பத்தில் சிலர் சொடுக்க மறந்துவிடுவார்கள், உண்மைதான். ஆனால் எழுத்துப் பிழை, போலிப் பெயர், பொறி ஆகிய மூன்றும் வாசலிலேயே நின்றுவிடும். வெப்சைட்டில் உள்ள படிவத்துக்கும் இதே முறைதான். அங்கே "நான் ரோபோ அல்ல" என்ற சோதனையும் வையுங்கள். 2016 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான தளங்களின் பாதுகாப்பற்ற படிவங்களில் ரோபோக்களை விட்டு, பிறர் முகவரிகளைப் பதிவு செய்து அவர்கள் பெட்டிகளை மூழ்கடித்தார்கள். படிவத்தைத் திறந்துபோட்டிருந்த அப்பாவி நிறுவனங்களின் பெயர்தான் அன்று தடைப்பட்டியலில் ஏறியது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பில் போகவில்லை என்று வாட்ஸ்அப்பில் சொன்ன ஒவ்வொருவருக்கும் இன்றே பதில் போடுங்கள். ஸ்பேமைத் திறந்து உங்கள் மின்னஞ்சலை "ஸ்பேம் அல்ல" என்று குறிக்கச் சொல்லுங்கள், உங்கள் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள். கேட்டால் செய்யத் தயாராக இருப்பவர்கள் அவர்கள்தான். பொங்கல் சேலைகளுக்கு எழுதும் நேரத்தில் எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள், எத்தனை திரும்பி வந்தன, புகார் விகிதம் எவ்வளவு என்ற மூன்று எண்களை மட்டும் எனக்கு எழுதுங்கள். அப்போதும் பில் ஸ்பேமுக்குப் போனால், ஸ்பேமில் விழுந்த மின்னஞ்சல் ஒன்றை முழு விவரங்களோடு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.